பைகால் ஏரியும் மூன்று தலைமுறையும்

இர்குத்ஸ்க்

தமக்கு ஆகாதவர்களைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிவிட்டால் நிம்மதியாக உறங்கலாம் என்று ஜார் மன்னர்கள் எண்ணியிருந்த காலத்தில், அந்தக் கண்காணாத தேசத்தின் நடுவே 1661இல் ஒரு கோட்டையாகத் தோன்றி, தேயிலையும் விலங்குத் தோலும் பொன்னும் கைமாறும் சந்தையாகப் பெருத்து, 1825ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தோற்றுத் தண்டனை அனுபவித்த பிரபுக்கள் வந்து குடியமர்ந்த பின்பு சங்கீதமும் சம்பாஷணையும் நிரம்பிய நகரமாக மாறியது இர்குத்ஸ்க். வோல்கோன்ஸ்கி பிரபுவின் வீடு இன்று ஒரு காட்சிசாலை. ஊரின் மர வீடுகள் பல மண்ணுக்குள் அமிழ்ந்து, ஜன்னலின் அடிச்சட்டம் நடைபாதையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டன. ஆனால் அந்த ஜன்னல்களைச் சுற்றி உளியால் இழைத்த கொடிகளும் சுருள்களும் சிறிதும் குலையாமல், நீல வர்ணம் உதிர்ந்தும் உதிராமலும், போகிறவனை நின்று பார்க்கச் செய்கின்றன.

பிரபுக்களின் வீடுகளுக்காக நான் வரவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1918இல், இங்கே ஒரு சர்வகலாசாலையைத் திறந்தார்கள். அதன் பிராணிநூல் பேராசிரியர் மிகயீல் கொஷோவ் 1945இல் பைகால் ஏரியில் ஒரு வேலையை ஆரம்பித்தார்: கரையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரே இடத்தில், ஏழு முதல் பத்து நாளைக்கு ஒரு முறை, கோடையானால் படகிலும் குளிரானால் பனிக்கட்டியில் துளையிட்டும், மேற்பரப்பிலிருந்து 250 மீட்டர் ஆழம் வரை உள்ள நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் எடுத்து எண்ணி எழுதி வைப்பது. அவர் 1968இல் மறைந்தார். மகள் ஒல்கா கொஷோவா தொடர்ந்து செய்தார். 2000இல் அவரும் போன பிறகு, அவருடைய மகள் லியுபோவ் இஸ்மெஸ்தியேவா அதை ஏற்று நடத்தினார். ஸ்டாலின் காலம், பனிப்போர், சோவியத் நாட்டின் வீழ்ச்சி, விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் ஒழுங்காக வராத தொண்ணூறுகள் ஆகிய யாவற்றையும் தாண்டி நடந்துவந்த இந்த எண்ணிக்கையைப் பற்றி எங்கோ படித்த நாள் முதல், அந்த இடத்தில் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாகியிருந்தது.

சர்வகலாசாலையின் பழைய நூலகம் அங்காரா நதிக்கரையில், ஒரு காலத்தில் கவர்னர் ஜெனரல்கள் வசித்த வெள்ளை மாளிகையில் இருந்தது. தூண்களும் படிகளும் கம்பீரமானவைதாம். ஆனால் என்னை அழைத்துச் செல்ல வந்திருந்த ஆராய்ச்சியாளர் அம்மையார் அவற்றைக் காட்டுவதில் அதிக உற்சாகம் கொள்ளவில்லை. "முதலில் சாப்பிடுங்கள், வெளியே இருபது டிகிரி" என்றார். இருபது என்றால் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. மார்ச் மாதத்தில் அதைக் குளிர் என்று இந்த ஊரார் சொல்வதில்லை. பக்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் புரியாத்து இனத்தாரின் பலகாரமான போஸி வந்தது: கொத்திய இறைச்சியை மாவில் பொதிந்து, உச்சியில் ஒரு திறப்பு விட்டு, ஆவியில் வேகவைத்தது. நான் கரண்டியால் வெட்டப் போனேன். பரிமாறிய பெண்மணி பதறிக் கையைத் தடுத்து, அதைக் கையில் எடுத்து ஓரத்தைக் கடித்து உள்ளிருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிக் காட்டினாள். சாறு சிந்தினால் சமைத்தவளுக்கு அவமானமாம்.

அங்காரா பிறக்கும் இடம்

இர்குத்ஸ்க்கிலிருந்து பைகாலுக்குச் சாலை வழியே எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிர்ச் மரங்களும் லார்ச் மரங்களும் இலையற்று நிற்கும் குன்றுகளில் ஏறி இறங்கி வந்த வண்டி ஒரு திருப்பத்தில் நின்றது. ஒருபுறம் எல்லையில்லாத வெண்பனி வெளி; அதை ஒட்டியே, ஆவி பறக்க, கருநீலமாக, ஒரு கிலோமீட்டர் அகலத்தில் ஓடுகிற ஜலம். ஏரி உறைந்து கிடக்க, அதன் வாயிலிருந்து புறப்படும் ஆறு மட்டும் உறைவதில்லை. ஏரியின் அடுக்குகளில் மேலே உள்ளதைவிடச் சற்று வெதுவெதுப்பான ஆழத்து நீர் இந்த வாயை நோக்கி இழுக்கப்பட்டு வருவதே காரணம் என்று அம்மையார் விளக்கினார். அந்தத் திறந்த நீரில் ஆயிரக்கணக்கான வாத்துகள் குளிர்காலம் முழுவதையும் கழிக்கின்றன.

முந்நூற்று முப்பத்தாறு ஆறுகள் பைகாலில் விழுகின்றன என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வெளியேறுவது அங்காரா ஒன்றுதான். காதலனைத் தேடி ஓடிய மகள் மீது தந்தை பைகால் எறிந்த பாறை என்று இங்குள்ளோர் கதை சொல்லும் ஷாமன் கல்லின் உச்சி, நதியின் நடுவே ஒரு சிறு மேடாகத் தெரிகிறது. ஐம்பதுகளில் இர்குத்ஸ்க் அணையைக் கட்டி ஏரியின் மட்டத்தைச் சுமார் ஒரு மீட்டர் உயர்த்திய பிறகு கல்லின் பெரும்பகுதி மூழ்கிப்போயிற்று. அதோடு நிற்காமல், நதியின் வாயையே வெடி வைத்துப் பிளந்து ஆழமாக்கினால் கீழே உள்ள நீர்மின் நிலையங்களுக்கு இன்னும் வேகமாகத் தண்ணீர் பாயும் என்று 1958இல் ஒரு யோசனை எழுந்ததும், எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் பகிரங்கமாக எதிர்த்து எழுதியதும், அந்த யோசனை கைவிடப்பட்டதும் சோவியத் நாட்டில் அபூர்வமாக நடந்த காரியங்கள்.

ஏரி என்றால் நமக்கு மனிதன் கரை கட்டித் தேக்கியது. வீராணம் ஆனாலும் சரி, ஊர்ப் பெரிய ஏரி ஆனாலும் சரி, மழையை நம்பிப் பிறந்து, மடை வழியாக வயலுக்கு வடிந்து, சித்திரையில் தரை தெரியக் கிடக்கும். ஏரியின் நடுவில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். ஆழத்தை நாம் ஆள் மட்டத்தால் அளக்கிறோம். இங்கே 636 கிலோமீட்டர் நீளம், 1,642 மீட்டர் ஆழம், இரண்டரைக் கோடி ஆண்டு வயது. பூமியின் மேல் உறையாமல் கிடக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே பள்ளத்தில் இருக்கிறது. இந்த எண்களைப் படித்திருந்தும், கரையில் நின்றபோது அவை எதற்கும் உதவவில்லை. எதிர்க்கரை மலைகள் வானத்தில் ஒரு சிறு கோடாக மிதந்தன, அவ்வளவுதான்.

லிஸ்த்வியாங்கா

நதிவாயை ஒட்டிய இந்தக் கரையூர் உல்லாசப் பிரயாணிகளுக்கானது. ஓட்டல்கள், நாய் இழுக்கும் சறுக்கு வண்டிகள், பொம்மைக் கடைகள் எல்லாவற்றையும் கடந்துபோனால் புகைபிடித்த மீனின் மணம் ஆளைப் பிடித்து இழுக்கிறது. ஓமுல் என்பது பைகாலுக்கே உரிய மீன். வெள்ளிநிற உடம்பு, சிறு தலை. எண்ணிக்கை குறைந்துபோனதால் 2017இல் வணிகத்துக்காக அதைப் பிடிப்பதைத் தடை செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சந்தையிலோ வெம்புகையில் வெந்தது, குளிர்புகையில் பதமானது என்று வரிசை வரிசையாகத் தொங்கியது. "இது பைகால் ஓமுல்தானா?" என்று கேட்டேன். விற்ற கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு மீன் வேண்டுமா, அதன் ஜாதகம் வேண்டுமா?" என்றாள். மீனே வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, கம்பு ரொட்டியோடு நின்றபடியே தின்றேன். விரலில் ஒட்டிய எண்ணெய் மாலைவரை போகவில்லை; போக வேண்டும் என்று நானும் பிரயாசைப்படவில்லை.

இங்குள்ள ஏரியியல் காட்சிசாலையில், கண்ணாடித் தொட்டிக்குள், கிளை விட்டு எழுந்த பச்சைக் கடற்பஞ்சுகளைப் பார்த்தேன். கடலிலிருந்து இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே, நன்னீரில், ஆள் முழங்கால் உயரத்துக்குப் பஞ்சுயிரி வளர்கிறது. நேர்ப்பா என்னும் நன்னீர்ச் சீல் உருண்டையாக வந்து கண்ணாடியில் முகத்தைப் பதித்து, கறுத்த பெரிய விழிகளால் எங்களைப் பரிசோதித்துவிட்டுச் சலிப்புடன் திரும்பிப் போயிற்று. அது உண்டு வாழும் கொலொம்யாங்கா என்ற மீன் இன்னும் விசித்திரமானது. செதிள் இல்லை, நீந்துபை இல்லை, உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு, முட்டையிடாமல் குஞ்சுகளாகவே ஈனுகிறது, அடிமட்டத்தின் அழுத்தத்திலும் உயிர் வாழ்கிறது. ஆப்பிரிக்காவின் தங்கானிக்கா ஏரியும் ஆழத்தில் பைகாலுக்கு அடுத்த நிலையில் உள்ளதுதான். ஆனால் அதன் கீழ்நீரில் பிராணவாயு இல்லை, ஆதலால் மீனும் இல்லை. பைகாலில் குளிர்ந்த நீர் அவ்வப்போது அடிவரை இறங்கிப் பிராணவாயுவைக் கொண்டுசேர்க்கிறது. அதனால்தான் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கீழும் குடியிருப்பு உண்டு.

போல்ஷியே கோத்தி

லிஸ்த்வியாங்காவிலிருந்து வடகிழக்கே இருபது கிலோமீட்டர் போல இருக்கும் இந்தச் சிற்றூருக்குச் சாலை கிடையாது. கோடையில் படகு அல்லது மலைப்பாதை. குளிரில் பனிமேல், அடியில் காற்றை ஊதிக்கொண்டு சறுக்கும் வண்டி. வண்டிக்குள் உருளைக்கிழங்கு மூட்டைகளும், ஒரு தையல் இயந்திரமும், நானும், அம்மையாரும், ஒரு மாணவனும் நெருங்கி உட்கார்ந்தோம். காற்று பனித்தூளைப் பெருக்கித் தள்ளிய இடங்களில் கட்டி கண்ணாடி போலத் தெளிந்து, வெண்ணிற விரிசல்கள் ஆழத்துக்கு இறங்குவது தெரிந்தது. திடீரென்று பீரங்கி வெடித்தது போன்ற ஓசை. நான் இருக்கையைப் பற்றிக்கொண்டேன். கட்டி விரிகிறது, அது நல்ல லட்சணம் என்றான் மாணவன். ஓசை போடாத பனியைத்தான் அவன் பாட்டனார் நம்பமாட்டாராம்.

ஒரு காலத்தில் பொன் எடுத்த ஊர் இது. இப்போது சில டஜன் குடும்பங்களும், சர்வகலாசாலையின் உயிரியல் நிலையமும். நிலையத்தை 1916இல் தொடங்கியவர் விதாலி தொரொகொஸ்தாய்ஸ்கி, கொஷோவுக்கு ஆசிரியர். அந்த ஆசிரியரை 1937இல் கைது செய்து மறு ஆண்டு சுட்டுக் கொன்றார்கள். இன்னும் பின்னால் போனால், இந்த ஏரியின் சிற்றுயிர்களை முதன்முதல் சாஸ்திரோக்தமாக ஆராய்ந்த பெனெடிக்ட் திபோவ்ஸ்கி 1863ஆம் ஆண்டுப் போலந்துக் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக இங்கே நாடு கடத்தப்பட்டவர். பனிக்கட்டியில் துளையிட்டு ஆழம் அளந்தும், இறால் இனத்துச் சிறு பிராணிகளை நூற்றுக்கணக்கில் பிடித்து வருணித்தும் தண்டனைக் காலத்தைக் கழித்தவர். அரசாங்கத்துக்குப் பெருமை சேர்ந்த இந்த அறிவின் பெரும்பகுதி, அரசாங்கம் ஒதுக்கித் தள்ளிய மனிதர்களும், அரசாங்கம் கேளாமலே வேலை செய்த மனிதர்களும் சேர்த்து வைத்தது என்ற எண்ணம் அந்தச் சிறு மர வீட்டின் முன் நின்றபோது எனக்கு வலுத்தது. கொஷோவே பிற்காலத்தில், 1966இல் தென்கரையில் இயங்கத் தொடங்கிய காகிதக்கூழ் ஆலையை எதிர்த்துப் பேசியவர். ஆலை 2013 வரை ஓடிற்று.

முதல் நிலையம்

வரைபடத்தில் அதற்கு "முதல் நிலையம்" என்று பெயர். நேரில் போனால் அங்கே எதுவும் இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரியான பனி. கரையின் இரண்டு மலைமுகடுகளை நேர்க்கோட்டில் பார்த்து மாணவன் இடத்தை நிதானித்தான், பிறகு கையிலிருந்த கருவியிலும் சரிபார்த்தான். பனித்துளைப்பானை இயக்கியதும் நொறுங்கிய கட்டி வெள்ளை மாவாகக் குவிந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்தைத் துளைத்தபின் கறுத்த நீர் கொப்புளித்து மேலேறி நின்றது. அதற்குக் கீழே எண்ணூறு மீட்டர்.

முதலில் வெள்ளைத் தட்டு. கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். தெளிந்த காலங்களில் அது நாற்பது மீட்டர் வரை தெரிவதுண்டு. அடுத்து நீர்க்குப்பிகள், வெப்பமானி. அப்புறம் வலை. கூம்பு வடிவில், கைவிரலுக்குப் பட்டுப்போல் மெல்லிய நெசவு. அதை 250 மீட்டருக்கு இறக்கி, 150 மீட்டருக்கு இழுத்ததும், கயிற்றின் வழியே ஓர் இரும்புக் குண்டை நழுவ விடுகிறார்கள். அது போய் இடித்ததும் வலையின் வாய் மூடிக்கொள்கிறது. அவ்விதமாக அடுக்கடுக்காக ஆறு இழுப்பு. கயிறு நனைந்து வருவதும் உறைவதும் ஒரே கணத்தில் நிகழ, மாணவன் கையுறையைக் கழற்றி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பனியை உதிர்த்தான். கையுறையோடு பிடித்தால் குண்டு இடித்த அதிர்வு விரலுக்குத் தெரியாதாம். நானும் ஒரு முறை பிடித்தேன். எங்கோ கீழே, யாரோ கதவை ஒரே தட்டுத் தட்டியது போன்ற மிக மெல்லிய அதிர்ச்சி.

வலையின் அடிக்குவளையில் வந்ததைச் சீசாவில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே காட்டினார் அம்மையார். அரிசிக் குருணையினும் சிறிய, ஒளி ஊடுருவும் உடல்கள் வெட்டி வெட்டித் துள்ளிக்கொண்டிருந்தன. எபிஷூரா: ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு துடுப்புக்காலி. ஏரியின் மிதவைப் பிராணிகளின் எடையில் பெரும்பங்கு இதுதான். இது பாசியையும் நுண்கிருமியையும் சலித்து உண்பதாலேயே நீர் தெளிகிறது. இதை உண்டு ஓமுல் வாழ்கிறது. இந்த உயிரின் மேய்ச்சல் நிலமோ பனிக்கு அடியிலேயே இருக்கிறது. கண்ணாடிக் கட்டி வழியே மார்ச், ஏப்ரல் வெயில் இறங்க, நீர் மெல்லப் புரண்டு, கனத்த டயாட்டம் பாசிகளை அமிழவிடாமல் தாங்குகிறது. அதனால் ஏரியின் வசந்தம் மேலே பனி உடையும் முன்பே கீழே ஆரம்பமாகிவிடுகிறது. மற்ற நாடுகளின் ஏரி ஆராய்ச்சியாளர்கள் குளிர்காலத்தில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுவது நெடுநாள் வழக்கம். பனியில் துளையிட்டும் விடாமல் எண்ணிய கொஷோவின் பிடிவாதம் எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பது அந்தச் சீசாவைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆய்வுக்கூடம்

மாலையில் அடுப்பு எரியும் அறையில் தேநீரும் பைன் கொட்டைகளும் வந்தன. கொட்டையைப் பல்லால் உடைத்துக்கொண்டே, உருப்பெருக்கியின் கீழ் எபிஷூராவை வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக எண்ணிக்கொண்டிருந்தாள் ஒரு மூதாட்டி. ஆளைப் பார்க்காமலே பேசினாள். ஒல்கா கொஷோவாவிடம் வேலை கற்றவள். "அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். மறுபடி எண்ணு என்பார். அதைவிடக் கோபித்துக்கொள்ளலாம்" என்றாள்.

அறுபது ஆண்டு எண்ணிக்கையை அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து கணக்கிட்டு 2008இல் வெளியிட்டார்கள். அதற்குமுன் பலரும் நம்பிக்கொண்டிருந்தது என்னவென்றால், இத்தனை பெரிய, இத்தனை குளிர்ந்த நீர்ப்பரப்பை உலகம் வெப்பமாவது லேசில் அசைக்காது என்பது. கணக்கு வேறு விதமாக இருந்தது: 1946 முதல் மேற்பரப்பு நீர் 1.21 டிகிரி சூடேறியிருக்கிறது. பாசியின் பச்சையம் 1979 முதல் 300 சதவீதம் கூடியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரை விரும்பும் நீர்த்தெள்ளுகள் 1946க்குப் பின் 335 சதவீதம் பெருகியிருக்கின்றன. ஏரி பனியின்றி இருக்கும் காலம் 1869லிருந்து 2000 வரையில் 18 நாள் நீண்டிருக்கிறது. கொஷோவ் வலையை முதலில் இறக்கியபோது இந்தக் கேள்வியே உலகில் பேச்சாக இல்லை. விடையைத் தேடி அவர் எண்ணவில்லை. ஏரியில் யார் யார் எப்பொழுது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே எண்ணினார்.

நம் சர்வகலாசாலைகளிலும் ஏரி குளங்களைப் பற்றி ஆராய்ச்சிகள் நடக்கின்றன; திறமைக்கும் குறைவில்லை. ஆனால் ஆய்வேடு கட்டடம் ஆனதும், மானியம் தீர்ந்ததும், குளம் மறுபடி அநாதையாகிவிடுகிறது. ஒருவர் மூன்றாண்டு எண்ணியதற்கும் அடுத்தவர் இருபதாண்டு கழித்து எண்ணுவதற்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. நான் இதைச் சொன்னபோது மூதாட்டி முதன்முறையாகக் கண்ணை உருப்பெருக்கியிலிருந்து எடுத்தாள். உங்கள் ஊரில் ஏரியைத் தினம் போய்ப் பார்ப்பவர் எவருமே இல்லையா என்று கேட்டாள். நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு, மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு, தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வருவது, எந்த மழைக்கு எத்தனை நீர் வரும் என்பது அவருக்கு மனப்பாடம் என்றேன். "எழுதி வைப்பாரா?" என்றாள். வைப்பதில்லை என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு எண்ணப் போய்விட்டாள்.

இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கரையோர ஆழங்குறைந்த நீரில் பச்சை நூல்பாசி மண்டுகிறது. கடற்பஞ்சுகள் நோயுற்று வெளிறிச் சாகின்றன. கரைக் குடியிருப்புகளின் கழிவுநீர் ஒரு காரணம் என்கிறார்கள். அது ஒன்றே காரணமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் ஓயவில்லை. கழிவைச் சுத்திகரிக்க ஆலை வைப்பதற்கு வாதம் முடியும்வரை காத்திருப்பானேன் என்று அம்மையார் அலுத்துக்கொண்டார். அது நியாயமான அலுப்பு.

மீண்டும் லிஸ்த்வியாங்கா

காலையில் புறப்படும் நேரத்தில் ஒரு சச்சரவு. அடுத்த முறை வலை இறக்கும் நாளில் தன் நண்பனுக்கு இர்குத்ஸ்க்கில் கல்யாணம் என்று மாணவன் மெல்ல எடுத்துச் சொன்னான். அம்மையார் நாட்குறிப்பைப் புரட்டி, அவனுக்குப் பதிலாக இன்னொருவன் பெயரை எழுதிவிட்டு, மே மாதத்தில் பனி உடைந்து மிதக்க, நடக்கவும் முடியாமல் படகு விடவும் முடியாமல் போகும் வாரத்துக்கு அவன் பெயரைப் போட்டார். அவன் கல்யாணத்தையே யோசிக்க வேண்டியதாயிற்று.

வண்டியோட்டி சீசாப் பெட்டியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். போர்மலின் வாடை வந்தால் பிரயாணிகள் தன்னைத்தான் திட்டுவார்கள் என்றான். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்வதென்று நான் ஏற்றுக்கொண்டேன். லிஸ்த்வியாங்கா சேரும்வரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னிருக்கையிலிருந்து அம்மையார் என் தோளைத் தட்டி, சீசா உடையவில்லையே என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கியதும், எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்த கிழவி பெட்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன மீன் என்று கூப்பிட்டுக் கேட்டாள்.